நாகேந்திரத்தின் மோட்டர் ஏன் இன்னும் வரவில்லை

வெள்ளவத்தை,
12-5-1947

சிரஞ்சீவி மைத்துனன் நாகேந்திரத்துக்கு,

உன் அத்தான் இரத்தினசிங்கம் எழுதுவது. இங்கு உன் அக்கா சரோஜினிதேவி, மகள் கௌரி, மருமகன் சிவபாலன் எல்லோரும் சுகம். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே எழுதுகிறேன். ஊர்காவற்றுறையில் நீயும் உன் வள்ளமும் சுகமாயிருக்க நல்லூரான் துணை நிற்கட்டும்.

உன் மூன்று கடிதங்களும் இரண்டு தந்திகளும் கிடைத்தன. கடைசித் தந்தியில் 'மோட்டர் எங்கே' என்று இரண்டே சொல். முப்பத்திரண்டு வருடம் கந்தோரில் இருந்த எனக்கு எந்தத் துரையும் அவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை. உன் அவசரம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனியில் நயினாதீவுத் திருவிழா. அதற்குமுன் மோட்டரை வள்ளத்தின் பின்பலகையில் பூட்டினால்தான் சனம் உன்னிடம் ஏறும், இல்லாவிட்டால் மற்றவர்கள் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கப்பலேறிப் போன வெள்ளைக்காரரிடம் அதை வாங்கி, "அத்தான், ஒருக்கா ஓட்டிப் பாத்திட்டு மெயில் ரயிலில போட்டுவிடுங்கோ" என்று சொல்லிவிட்டு நீ ஊருக்குப் போய்விட்டாய். அந்த ஒருக்காவில்தான் நான் இன்னும் நிற்கிறேன்.

மோட்டரைப் பின் விறாந்தை அரைச்சுவரில் பலகை வைத்துப் பூட்டினோம். அது அங்கே மூன்று கிழமை சும்மா தொங்கியது. அது என் பிழை, ஒரு பீப்பா தேடிப் பிடிக்க எனக்கு அவ்வளவு நாள் சென்றது. பீப்பாவைக் கீழே வைத்து, குழாய்த் தண்ணீர் காலையில் மட்டும் வருவதால் அரைவாசி நிரப்பி, கயிற்றை இழுத்தேன். பதினேழாவது இழுவையில் மோட்டர் பிடித்தது, என் தோள்மூட்டு விட்டது. நீ எழுதித் தந்த தாளில், பின்பக்கத்துச் சிறு துளையால் தண்ணீர் நூல்போல வரவேண்டும், வராவிட்டால் உடனே நிற்பாட்டவேண்டும் என்று இருந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து அதை வாசித்து முடிக்கையில் மோட்டரின் தலையில் அப்பளம் சுடலாம். நிற்பாட்டிவிட்டுச் சூட்டைத் தணிக்க வாளித் தண்ணீரைத் தூக்கினேன். அந்த நேரம் சிவபாலன் கூட்டிவந்த பேர்னாட் என் கையைப் பிடித்துக்கொண்டான். முகத்துவாரத்துக்காரன், துறைமுகத்து லோஞ்சுப் படகுகளுக்கு எஞ்சின் பார்ப்பவன்.

"கொதிக்கிற இரும்பில பச்சத் தண்ணி ஊத்தினா வெடிச்சிரும் ஐயா. சும்மா விடுங்க, தானா ஆறும்" என்றான். பிறகு மோட்டரைப் பார்க்காமல் பீப்பாவைப் பார்த்தான். "தண்ணி எடுக்கிற வாய் தண்ணிக்கு மேல நிக்குது. அது எதக் குடிக்கும்?" என்று கேட்டான். அயல்வீட்டுக் கிணற்றிலிருந்து சிவபாலன் இருபத்தாறு வாளி சுமந்து நிரப்பினான், கந்தோருக்கும் பிந்தினான். மறுபடி ஓட்டினால் பழைய கதைதான். அடியிலுள்ள வலையைக் கழற்றியபோது மணல், பாசி, வெள்ளைக்காரரின் தூண்டில் நூல் ஒரு முழம் எல்லாம் வந்தன. கழுவிப் பூட்டியும் தண்ணீர் வரவில்லை. பம்பைப் பிரித்துப் பார்த்தான், அது நன்றாக இருந்தது. கடைசியில் தண்ணீர் போகிற குழாயில் வாயை வைத்து ஊதினான். முகம் சிவந்து கண் பிதுங்கியதே தவிர மறுபக்கம் காற்று வரவில்லை. சிறு துளையை விரலால் தடவி, "களிமண் ஐயா, குளவி கூடு கட்டியிருக்கு, ஒரு நிமிசத்து வேலை" என்று சைக்கிள் கம்பி ஒன்றை எடுத்தான். அந்த ஒரு நிமிடத்துக்குள் உன் அக்கா அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள்.

"கம்பியக் கீழ வை பேர்னாட்" என்றாள்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும், கூட்டை உடைக்கக் கூடாது. இது உனக்கும் தெரிந்ததுதான், உன் தாயார் சொல்லி வளர்த்தது. கௌரிக்குக் கலியாணமாகி ஆறு வருடம். நேராத நேர்த்தி இல்லை, காட்டாத டொக்டர் இல்லை. நான் விஞ்ஞானம் பேசினேன். குளவிக்கு ஓட்டை வேண்டும், ஓட்டை மோட்டரில் இருந்தது, இதில் கௌரி எங்கே வந்தாள் என்று கேட்டேன். "இஞ்சருங்கோ, வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்று பதில் வந்தது. பேர்னாட்டாவது என் பக்கம் நிற்பான் என்று பார்த்தால் அவன் கம்பியைச் சுவரில் சாத்திவிட்டு, "அம்மா சொல்றது சரி ஐயா. எங்கட வீட்டிலயும் கட்டின பொறகுதான் மகன் வலன்ரைன் பொறந்தான்" என்கிறான். கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரன். இனி நான் யாரிடம் போவேன்.

அன்றிலிருந்து பின் விறாந்தையில் உடுப்புக் காயப்போட முடியாது, சுருட்டுப் பிடிக்க முடியாது. அயல்வீட்டுப் பெண்கள் வந்து கூட்டைப் பார்த்து, ஆணா பெண்ணா என்று என் சாய்மனைக் கதிரையில் இருந்தே விவாதிக்கிறார்கள். இவற்றையெல்லாம் தாங்கலாம் நாகேந்திரம். காலையில் கௌரி பூப்பறிக்கப் போகிறவள்போலப் பின்பக்கம் வந்து, ஒருவரும் இல்லையென்று நினைத்து அந்த மோட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அதைத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. ஒரு பூச்சியின் மண்ணை நம்பி என் பிள்ளை இன்னும் ஒருமுறை ஏமாறப்போகிறாள். ஆகவே முடிவெடுத்துவிட்டேன். நாளை காலை உன் அக்கா கதிரேசன் கோவிலுக்குப் போகிறாள். பேர்னாட்டைக் கெஞ்சி வரச் சொல்லியிருக்கிறேன், கூடு போய்விடும். மோட்டர் வெள்ளிக்கிழமை மெயிலில் ஏறும். இது உறுதி. உன் அக்காவுக்குக் குளவி தானாகப் பறந்துவிட்டதாகச் சொல்வேன், நீயும் அப்படியே சொல்லு.

உன் வீட்டாருக்கு எங்கள் அன்பும் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
களைத்துப்போன அத்தான்,
வே. இரத்தினசிங்கம்

பி.கு.: செவ்வாய் காலை. மேலே எழுதியதைக் கிழித்துப் புதிதாக எழுத எனக்குத் தெம்பில்லை, ஆகவே அது அப்படியே இருக்கட்டும். உன் அக்கா கோவிலுக்குப் போகவில்லை. பேர்னாட் கம்பியோடு நிற்கக் கௌரி வந்து, "அப்பா, எனக்கு மூண்டு மாசம். முந்திச் சொல்லிப் போட்டுக் கலைஞ்சுபோனா உங்கட முகத்த எப்பிடிப் பாக்கிறதெண்டு பயந்து இருந்தனான்" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். பிள்ளை மூன்று மாதம், கூடு மூன்று கிழமை, ஆகவே குளவிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று கணக்குச் சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை. உன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குளவி வந்த காரியம் முடிஞ்சுது. தம்பிக்குத் திருவிழா போகுது, எடுத்து அனுப்புங்கோ" என்றாள். பேர்னாட் கம்பியைத் துளைக்குக் கொண்டுபோனான். நான் அதைப் பறித்துக் கூரைக்கு மேல் எறிந்துவிட்டேன். இந்தத் திருவிழாவுக்கு நீ பாய்மரத்தில் பாயை விரித்து ஓடு. மோட்டர் பிள்ளை பிறந்த பிறகு வரும். இதற்காக உன் அக்காவைக் கோபிக்காதே, அவள் அனுப்பத்தான் சொன்னாள். அனுப்பாதவன் நான்.