ஆவி பிரியும் வழி

இனி ஒரு சொட்டு நீராவிகூட இந்த வீட்டுக்குள் தங்காது என்று ரெய்னோ ஹாபலா சபதம் செய்தார். செய்து வாயை மூடுவதற்குள் நிலவறைக் கூரையிலிருந்து ஒரு சொட்டு அவருடைய வழுக்கையில் விழுந்தது. துடைத்துக்கொண்டு, சபதம் நாளையிலிருந்து அமலுக்கு வரும் என்று திருத்தினார்.

நவம்பர் தொடக்கம். வடக்கத்திப் பனி ஊரான ஹான்காக்கில் அந்த மாதத்துச் சூரியன் தூரத்து உறவினர் துக்கம் கேட்க வருவதுபோல வரும். தாமதமாக வந்து, முகத்தைக் காட்டிவிட்டு, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போய்விடும். சுப்பீரியர் ஏரி ஈயத் தகடு மாதிரிக் கிடந்தது. முப்பத்தைந்து வருடம் பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்ற ரெய்னோவிடம் பாடம் எல்லாம் அப்படியே இருந்தது. வகுப்புதான் இல்லை. வாரத்தில் ஆறு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பனி விழுவதைப் பார்ப்பார். ஏழாம் நாள் நிலவறைக்கு இறங்கிப் பீர் காய்ச்சுவார். அந்த ஏழாம் நாள் ஒன்றுதான் அவரை மற்ற ஆறு நாளும் படுக்கையிலிருந்து எழுப்பியது.

பீர் காய்ச்சுவதில் ஒரு சங்கடம் உண்டு. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றைப் பதினைந்து கேலன் எஃகுக் கொப்பரையில் ஊற்றி, கசப்புக்கு ஹாப் பூவைப் போட்டு, ஒரு மணி நேரம் திறந்தபடி கொதிக்கவிட வேண்டும். அதற்குள் ஒன்றரை கேலன் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். எங்கே போகும் என்பதுதான் அவர் மனைவி சைமாவின் கேள்வி.

சைமா லூதரன் தேவாலயத்தின் பீடத்துணிகளைத் துவைத்து இஸ்திரி போடும் மாதர் சங்கத்துக்குத் தலைவி. துணி காயும் கொடி நிலவறையில்தான் இருந்தது.

"ரெய்னோ, பாஸ்டர் இன்னிக்குப் பீடத்துணிய மோந்து பாத்தாரு."

"எதுக்கு?"

"ஒரு தடவ மோந்திருந்தா சளின்னு விட்ருப்பேன். ரெண்டு தடவ மோந்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு."

"பார்லி வாசனைதானே சைமா? பார்லி பைபிள்லயே இருக்கு."

"பைபிள்ல இருக்கட்டும். பீடத்துல இருக்க வேணாம். இங்க பாரு, கிறிஸ்மஸுக்குப் பெரிய துணியெல்லாம் துவைக்க வருது. அதுக்குள்ள இந்த ஆவிய ஒழி. ஒழிச்சா கொப்பரை கீழயே இருக்கும். இல்லேன்னா ஷெட்டுக்குப் போவும்."

வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் தண்ணீர்க் குழாய் நவம்பரில் உறைந்தால் ஏப்ரல் கடைசியில்தான் இளகும். ரெய்னோவும் ஏறக்குறைய அப்படித்தான். கொப்பரை ஷெட்டுக்குப் போனால் மே மாதம்வரை அவருக்கு ஏழாம் நாளே கிடையாது. வாரம் முழுவதும் ஜன்னல்தான்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹாபலா குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் பின்லாந்திலிருந்து செம்புச் சுரங்க வேலைக்கு வந்தது. பின்லாந்து மொழியில் குளியலறை நீராவிக்கு 'லோய்லு' என்று பெயர். பழைய காலத்தில் அதே சொல்லுக்கு உயிர், மூச்சு என்றும் பொருள். நம் 'ஆவி'யைப் போலத்தான். ஆகவே கொப்பரையை விட்டு ஆவி பிரியாவிட்டால் பீர் கெட்டது. வீட்டை விட்டு ஆவி பிரியாவிட்டால் ரெய்னோ கெட்டார். இரண்டும் ஒழுங்காகப் பிரிய ஒரு வழி வேண்டியிருந்தது.

முதலில் மூடி. இறுக்கமாக மூடினால் சூடும் மிச்சம், ஆவியும் அடக்கம் என்று கணக்குப் போட்டார். பக்கத்து வீட்டு எல்வின் ட்ரெவாரோ அதில் விளைந்த பீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கையெட்டாத தூரத்தில் வைத்தான்.

"ஏம்ப்பா ரெய்னோ, இது பீரா, சோளம் வேகவெச்ச தண்ணியா?"

"அது ஒரு கந்தகப் பொருள், எல்வின். ஆவியோட ஆவியா வெளிய போவணும். மூடி போட்டதுனால மேல முட்டி, சொட்டி, மறுபடி உள்ளயே விழுந்திருக்கு."

"நீ விளக்க விளக்க நாத்தம் கூடுதுப்பா. நிறுத்திக்க."

அடுத்தது குழாய். மூடியில் துளை போட்டு, அதில் தகரக் குழாயும் மின்விசிறியும் பொருத்தி, ஜன்னல் வழியாக வெளியே விட்டார். சூடு வீணாகக் கூடாதே என்று கொப்பரையைச் சுற்றி வெள்ளிக் காகிதம் ஒட்டிய குமிழித்தாள் போர்த்தினார். அது நழுவாமலிருக்க, காலஞ்சென்ற மாமனாரின் மான் வேட்டைக் கம்பளிக் கோட்டை அதற்கு மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டார். சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கோட்டு. பதினைந்து கேலன் கொள்ளளவும் மாமனாரின் சுற்றளவும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மங்கிய வெளிச்சத்தில் படியிறங்கி வந்த எல்வின் தொப்பியைக் கழற்றிக் கொப்பரைக்கு வணக்கம் சொன்னான்.

கோட்டு வேலை செய்தது. முன்பு எழுபது நிமிடத்தில் கொதித்த சாறு இப்போது ஐம்பதிலேயே கொதித்தது. குழாய்தான் காலை வாரிவிட்டது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. ஜன்னலைத் தாண்டிய ஆவி அங்கேயே உறைந்து, யானைத் தந்தம் போல நீண்டு, குழாயின் வாயை அடைத்தது. போன ஆவி அத்தனையும் திரும்பி வந்தது. சைமா குடை பிடித்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள்.

"மழை எப்ப விடும்?" என்று மட்டும் கேட்டாள்.

ரெய்னோ பார்லி மூட்டையின்மேல் உட்கார்ந்து, கோட்டு போட்ட கொப்பரையை வெகுநேரம் பார்த்தார். மாமனார் உயிரோடிருந்த காலத்தில்கூட இவ்வளவு குறை சொல்லும் மௌனத்தை அவர் கண்டதில்லை. கிறிஸ்மஸுக்கு மூன்று வாரம் இருந்தது. அன்று மாலை சாப்பாட்டிலும் மனம் போகவில்லை.

மறுநாள் சைமா உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டே, கிழங்கிடம் பேசுவதுபோலச் சொன்னாள்:

"பாவம், நீ என்ன செய்வே? எவ்வளவு ஆவி வந்தாலும் சுவர் ஊறாம, வெளிய உறையாம போற மாதிரி உலகத்துல யாராச்சும் ஒரு ரூம் கட்டியிருக்காங்களா என்ன?"

ரெய்னோ கரண்டியைக் கீழே போட்டார்.

"சவுனா!"

"எது?"

"நம்ம சவுனா, சைமா! கீழ மூலையில இருக்கே!"

நிலவறை மூலையில் தேவதாருப் பலகை அடித்த நீராவிக் குளியலறை ஒன்று உண்மையாகவே இருந்தது. ஒன்பது வருடமாக அதில் ஆவியும் இல்லை, குளியலும் இல்லை. காலிப் பாட்டில்களும் பார்லி மூட்டைகளும்தான். அதைச் சீராக்கச் சொல்லிச் சைமா ஏழு வருடம் கேட்டாள். ஏழு வருடமும் ரெய்னோ அது ஏன் இப்போது முடியாது என்பதைப் படம் போட்டு விளக்கினார். கடைசி இரண்டு வருடமாக அவள் கேட்பதில்லை. அதை அவர் தமது விளக்கத்தின் வெற்றி என்று நினைத்திருந்தார்.

"அந்த ரூமோட காத்துப்போக்கி வீட்டச் சூடாக்குற உலையோட புகைபோக்கிய ஒட்டியே மேல போவுது. எப்பவும் சூடு. உறையவே உறையாது! கொப்பரைய அங்க வெச்சிரலாம்!"

"அப்படியா?" என்றாள் சைமா, இன்னொரு கிழங்கை எடுத்தபடி. "எனக்கெங்க இதெல்லாம் தெரியுது?"

ரெய்னோவுக்கு இருபது வயது குறைந்தது. ஒரே வாரத்தில் ஒன்பது வருடக் குப்பையை வெளியேற்றினார். இற்றுப்போன பலகைகளை மாற்றினார். பின்னால் பஞ்சு அடைத்து, அதன்மேல் வெள்ளித்தாள் ஒட்டினார். காற்றுப்போக்கியில் விசிறி வைத்தார். சைமா எப்போதாவது காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்பாள்.

"கொதிச்சு முடிஞ்சதும் பலகையில ஈரம் நிக்குமே? பூஞ்சை பிடிக்காதா?"

பிடிக்கும். ஆகவே பழுதாகிக் கிடந்த சவுனா அடுப்பைப் பிரித்துப் புதுச் சுருள் மாட்டி, கல் அடுக்கி, காயவைக்க ஏற்பாடு செய்தார்.

"கொப்பரையக் கழுவுற தண்ணி எங்க போவும்?"

அடைத்திருந்த தரைச் சாக்கடையைத் திறந்தார்.

"உயரத்துல இருந்தா குழாயத் திறந்ததும் சாறு தானா இறங்குமில்ல?"

புவியீர்ப்பைப் பற்றி மனைவி தானாகவே ஒரு கருத்துச் சொன்னது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நெகிழ்ந்துபோய், மூன்று படியாகப் பலகை மேடை கட்டி, முனை குத்தாமல் இழைத்து இழைத்து வழவழப்பாக்கினார்.

"எதுக்குப்பா இவ்வளவு இழைக்கிற? கொப்பரைக்குச் சிலாம்பு குத்துமா?" என்றான் எல்வின்.

"குத்திரும்னு சைமா சொன்னா."

எல்வின் அவரை ஒரு நிமிடம் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, தான் கல்யாணமானவன் என்பது ஞாபகம் வந்ததுபோல மூடிக்கொண்டான்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் எல்லாம் தயார். பீடத்துணிகள் ஒரு சொட்டும் படாமல் காய்ந்து, மடித்து, தேவாலயத்துக்குப் போய்விட்டன. நல்ல பார்லியை எடுத்தவுடன் பணயம் வைக்கப் பௌதிக ஆசிரியர் ஒப்புவாரா? முதலில் வெறும் தண்ணீரில் சோதனை. கொப்பரையைச் சவுனா மேடையில் ஏற்றி, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தார். ஒரு மணி நேரம் ஆவி சத்தமில்லாமல் மேலேறிப் போனது. கூரை சருகு மாதிரி உலர்ந்திருந்தது. கொப்பரையின் மின்சாரத்தை அணைத்தார். கோட்டுக்குள் தண்ணீரின் சூடு ஒரு மணி நேரத்தில் நான்கு டிகிரிகூட இறங்கவில்லை. பலகை காய அடுப்பை மூட்டினார். கல் கனன்றது. குறிப்பேட்டில் 'வெற்றி' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

மாலை ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. படியில் காலடிகள் கேட்டன. ஒருவர் இருவர் அல்ல. மாதர் சங்கம் முழுவதும் இறங்கி வந்தது. எட்டுப் பேர். தோளில் துவாலை. கையில், குளிக்கும்போது உடம்பில் தட்டிக்கொள்ளக் காய்ந்த பிர்ச் இலைக்கொத்து.

"அடுப்பு சூடா இருக்கா ரெய்னோ?" என்றாள் சைமா.

"இருக்கு, ஆனா..."

"குளிக்கத் தண்ணி?"

"பதிமூணு கேலன் இருக்கு. சைமா, அது சோதனைத் தண்ணி!"

"சோதனைதான். ஒம்பது வருஷச் சோதனை."

ஒவ்வொருவராக அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். ஒருத்தி மேடைப் பலகையைத் தடவிப் பார்த்து, "வெண்ண மாதிரி இழைச்சிருக்காரு, தங்கமான மனுஷன்" என்றாள். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சவுனா. அன்று ஒரு முறை கல்லில் தண்ணீர் பட்டு லோய்லு எழுந்தால் அதன்பின் அந்த அறை என்றைக்கும் பாதித் தேவாலயம். அங்கே சத்தம் கூடாது, சண்டை கூடாது, சமையல் கூடவே கூடாது. அதை எதிர்த்துப் பேசும் பின்லாந்துக்காரன் அந்த வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை.

துணி மாற்றிக்கொண்டு சைமா கடைசியாக வந்தாள்.

"கொப்பரை ஷெட்டுக்குப் போவாதுன்னு சொன்னியே!"

"போவலியே. இங்கயேதான் இருக்கு. எங்கப்பா கோட்டப் போட்டுக்கிட்டு கதகதப்பா இருக்கு."

"அப்ப என் பீரு? நான் எங்க கொதிக்கவெப்பேன்?"

"எதுக்குக் கொதிக்கவெக்கணும்? எங்கம்மா ஊறப்போடுவாங்க, வடிப்பாங்க, புளிக்கவெப்பாங்க. அவ்வளவுதான். கொதிக்கவெச்சதே இல்ல. ஊர் முழுக்க வந்து குடிச்சுட்டுப் போச்சு."

அது உண்மை. கொதிக்கவைக்காத பீர் என்று ஒன்று இருப்பதை ரெய்னோ படித்திருந்தார். மறுக்க ஒரே ஒரு வாதம் பாக்கியிருந்தது. அதைச் சொல்லக் கதவைப் பாதி திறந்து பிடித்தபடி, சுட்டுவிரலை உயர்த்தி, தொண்டையைச் செருமினார்.

உள்ளே கல்லில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து சைமாவின் குரல்:

"ரெய்னோ! கதவச் சாத்து. ஆவி வெளிய போவுது!"