பக்கத்து அறைச் செருமல்

லேப்டாப் மறுபடியும் கத்த ஆரம்பித்ததும் வரைபடக்காரர் இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்தார். அழுகிற குழந்தையின் வாயைப் பொத்தினாலாவது பலன் இருக்கும். உள்ளே ஃபேன் இன்னும் வேகம் பிடித்தது. அவர் பயந்தபடியே, மரத்தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"க்க்ஹும்."

பக்கத்து அறைக்காரர் செருமிவிட்டார்.

அந்த மாடி முழுக்க வாடகைக்கு விடும் சின்னச் சின்ன வேலை அறைகள். எல்லாவற்றுக்கும் மங்கல் கண்ணாடிக் கதவு. பேசக்கூடாது, போன் மணி அடிக்கக்கூடாது, அடுத்தவர் கதவைத் தட்டவே கூடாது. சத்தம் என்று ஒரு புகார் போனால் அறையைக் காலி செய்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

வரைபடக்காரர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். இன்னும் கட்டாத வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டி, ஜன்னல் வழியே வெயில் விழுவதுவரை வரைந்து காட்டுவது அவர் தொழில். ஆனால் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தால்கூட "என்ன சத்தம்?" என்று கேட்க ஆளில்லை. இங்கே செருமவாவது ஒருத்தர் இருந்தார். அவரையும் பகைத்துக்கொண்டு, மறுபடி வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார வரைபடக்காரருக்குத் தெம்பில்லை.

அதனால் மறுநாள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பையில் போட்டு, பக்கத்து அறைக் கதவின் கைப்பிடியில் மாட்டினார். மதியம் எட்டிப் பார்த்தார். பையைக் காணோம். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் ஒரு பாக்கெட்.

மாடிப்படிக்குப் போய் மகளுக்குப் போன் போட்டார்.

"லேப்டாப்பைக் கொஞ்சம் தூக்கி வைங்கப்பா. அடியில காத்து போகணும்."

"தூக்கி வெச்சா அடங்கிடுமா? பாவம், பக்கத்து ரூம்காரருக்குத்தான் தொந்தரவு."

"யாருப்பா அது? பழக்கமா?"

"நல்ல பழக்கம்."

"என்ன பேசிக்குவீங்க?"

"இங்க பேசக்கூடாதும்மா. அவரு செருமுவாரு."

"அப்பா, நேரத்துக்குச் சாப்பிடுங்க. எனக்கு மீட்டிங் இருக்கு" என்று மகள் வைத்துவிட்டாள்.

வரைபடக்காரர் சும்மா தூக்கி வைக்கவில்லை. அடியில் இரண்டு ஃபேன் சுழலும் ஸ்டாண்டே வாங்கி வந்தார். இப்போது ஒன்றுக்கு மூன்றாகக் கச்சேரி தொடங்கியது. வெப்பக் காற்று நேராகப் போய் மரத்தடுப்பில் மோதியது.

"க்க்ஹும். க்க்ஹும்!"

கதவு லேசாகத் திறந்தது. வரவேற்பு மேஜைப் பெண் தலையை நீட்டினாள்.

"சார், உள்ள மிக்ஸி ஏதாவது ஓட்டுறீங்களா?"

"யாராவது புகார் சொன்னாங்களா?" வரைபடக்காரர் லேப்டாப்பை உடம்பால் மறைத்துக்கொண்டார்.

"இன்னும் இல்ல சார்."

அந்த 'இன்னும்' அவரைத் தூங்கவிடவில்லை. காலையில் ஸ்டாண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே தன் பழைய மெத்தைவிரிப்பைச் சுற்றி அடைத்து, நடுவில் லேப்டாப்பை வைத்து மூடினார். தனியாக ஒரு திரையையும் கீபோர்டையும் வயரால் இணைத்து வெளியே வைத்துக்கொண்டார். சத்தம் நின்றேவிட்டது. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

பாதி வீடு எழும்பியபோது திரை கறுத்தது. லேப்டாப் சூடு தாங்காமல் தானாகவே அணைந்துவிட்டிருந்தது. காலையிலிருந்து வரைந்ததெல்லாம் போச்சு. பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். அனல் குப்பென்று முகத்தில் அடித்துவிட்டு அறைக்குள் பரவியது. சற்று நேரத்தில் அந்தப் பக்கம் செருமல் ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

"ஐயையோ, மனுஷனுக்கு இழுப்பே வந்திடும் போலிருக்கே, என்னால!" என்று வாய்க்குள் முனகினார்.

மறுநாள் பிஸ்கட்டோடு இருமல் மிட்டாயும் கதவில் தொங்கியது. அதுவும் மதியத்துக்குள் போய்விட்டது. கோபமில்லை என்று தெரிந்ததும்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

இனிச் சொந்த வைத்தியம் வேண்டாம் என்று ரிப்பேர்க்காரரிடம் போனார். அவர் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிவிட்டு வரைபடக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், ஒரு தலகாணிக்கு வேண்டிய பஞ்சு இதுக்குள்ள இருக்கு. இப்படி அடைச்சுக்கிட்டா ஃபேன் கத்தாம என்ன செய்யும்? சூட்டை இழுக்கிற பேஸ்ட்டும் காஞ்சு போச்சு."

தூசியை ஊதித் தள்ளி, புதுப் பேஸ்ட் தடவி, மூடிக் கொடுத்தார்.

"இனிமே இது இருக்கிற இடமே தெரியாது சார்."

சொன்னபடியே தெரியவில்லை. எத்தனை மாடி எழுப்பினாலும் லேப்டாப் வாயைத் திறக்கவில்லை. வரைபடக்காரர் தடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நன்றிக்காகவாவது ஒரு செருமல் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

அடுத்த நாளும் வரவில்லை. ஸ்கேலை வேண்டுமென்றே கீழே போட்டார். தானே இரண்டு தடவை செருமிப் பார்த்தார். எல்லா வரைபடங்களையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டு, கத்தேன் சனியனே என்று லேப்டாப்பைக் கெஞ்சிக்கூடப் பார்த்தார். எந்தப் பக்கமும் சத்தமில்லை.

ஆனால் பிஸ்கட் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. அதுதான் அவரை அறுத்தது. பிஸ்கட் வேண்டுமாம், பதிலுக்கு ஒரு செருமல் தர மனசில்லையாம்! அழுகை வரும்போல இருந்தது. இந்த வயதில் இதற்கா என்று வெட்கமாகவும் இருந்தது.

மாடியைக் கூட்டித் துடைக்கும் அம்மா அப்போது உள்ளே வந்தார். கொஞ்ச நாளாகவே அவர் இந்த அறைக்கு வந்தால், மேஜையை இரண்டு தரம் துடைத்து, தண்ணீர் பாட்டிலையும் நிரப்பி வைத்துவிட்டுத்தான் போவார். வரைபடக்காரர் சட்டத்தை மீறி வாயைத் திறந்தார்.

"ஏம்மா, பக்கத்து ரூம்காரர் நல்லா இருக்காரா?"

"எந்த ரூமு சார்?" அந்த அம்மாவுக்குக் கரகரத்த குரல்.

"இந்தா, இந்தப் பக்கம். செருமிக்கிட்டே இருப்பாரே."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அது ஏசி பைப்பு சார்! உங்க ரூம் சூடானா ஏசி வேகமா ஓடும். தண்ணி இறங்குறப்போ பைப்பு அப்படித்தான் கனைக்கும். அங்க ஆளே கெடையாது, நான் பக்கெட்டும் மாப்பும் வெக்கிற ரூமு."

வரைபடக்காரர் தடுப்பையே பார்த்தார்.

"அப்போ நான் அவருக்கு வெச்ச பிஸ்கட்டு? அந்த இருமல் மிட்டாய்?"

மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. சிரிப்பும் நின்றது.

"பினாயில் நெடியில எனக்குத் தொண்டை கட்டினதை நீங்க கவனிச்சுத்தான் வெச்சீங்கன்னு நெனச்சேன்... அதெல்லாம் எனக்கு இல்லையா சார்?"