பட்டனுக்குப் போட்ட பீங்கான் குழாய்

குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில், சூளையிலிருந்து வெளிவரும் சாமான்களைச் சோதிப்பவன் நான். கையில் எடுத்து, சின்னக் கம்பியால் ஒரு தட்டு. 'டிங்' என்றால் பாஸ். 'டொக்' என்றால் எங்கோ விரிசல், ரிஜெக்ட். இருபது வருஷமாக இதையே செய்கிறவனுக்கு ஒரு திமிர் வந்துவிடும். வீட்டில் தோசை சுட்டாலும், மச்சானுக்குப் பெண் பார்த்தாலும் நான் தரம் பார்க்காமல் விட்டதில்லை. (பெண்ணைத் தட்டிப் பார்க்கவில்லை, அபிப்பிராயம்தான் சொன்னேன். மச்சான் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.)

அந்தத் திமிரோடு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பறவையையும் சோதித்தேன்.

என் மகள் ஜெனி அப்போது ஐந்தாம் வகுப்பு. ஒரு வருஷம் கெஞ்சிக் கூத்தாடியதில் மனம் இரங்கி, மங்கலம்பேட்டையில் ஒரு கடையில் நீல நிற லவ் பேர்டு ஒன்று வாங்கினோம். (ஜோடியாகத்தான் கேட்டாள். "மொதல்ல ஒண்ண ஒழுங்கா வளக்கட்டும்" என்று என் மனைவி அமலா தடுத்துவிட்டாள்.) கடை பாய் பொறுமையாகச் சொன்னார்.

"தெனை போடுங்க, தண்ணிய தெனம் மாத்துங்க. புது எடம், கொஞ்சம் மெரளும். போட்டு நோண்டாம வுட்டுடுங்க. ஏதாச்சும் கொறன்னா நாலு நாளுக்குள்ள கொண்டாங்க, வேற மாத்தித் தரேன்."

என் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் ஏறியது.

வீடு வந்து சேர்வதற்குள் ஜெனி அதற்குப் 'பட்டன்' என்று பெயர் வைத்துவிட்டாள். நான் கூண்டைச் சோதித்தேன். கூண்டு பாஸ். உள்ளே பறவை உட்காருவதற்காக வைத்திருந்த குச்சி? கோணல், சொரசொரப்பு, பட்டை வேறு பாதி உரிந்து கிடந்தது. நம் வீட்டுக்கு வந்த ஜீவன் இதிலா உட்காருவது! மறுநாளே கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கி வந்தேன், ஹீட்டருக்குள் வைக்கும் பீங்கான் குழாய் ஒன்றை. விரல் தடிமன், பால் வெள்ளை, மேலே பூசிச் சுட்ட கிளேஸ் கண்ணாடி மாதிரி மின்னியது. நானே தட்டி, நானே பாஸ் போட்டது. பழைய குச்சியைக் குப்பையில் எறிந்துவிட்டு அதைக் குறுக்கே மாட்டினேன்.

பட்டன் அதில் வந்து உட்கார்ந்தது. உடனே விழுந்தது.

மறுபடி ஏறியது, பின்பக்கமாகச் சாய்ந்தது. சிறகடித்துச் சமாளித்துவிட்டு முன்பக்கமாக விழுந்தது. கடைசியில் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லி போல ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் இதே கதை. கம்பியை அத்தனை இறுக்கமாகப் பிடிக்கிற காலில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று மூளையுள்ளவன் யோசித்திருப்பான். நான் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

"காலு வீக். பாய் நம்ம தலையில கட்டிட்டாரு. ரிஜெக்ட்."

ஜெனி அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். கூண்டை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"ரிஜெக்ட் ஆனத என்னப்பா பண்ணுவீங்க?"

உடைத்துக் குப்பையில் போடுவோம் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? நாலாம் நாள் காலையில், கூண்டோடு ஜெனியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கிளம்பும்போது அமலா வண்டியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, போற வழியில மாட்டாஸ்பத்திரியில ஒரு வாட்டி காட்டிடுங்க. டாக்டரு சொல்லட்டும், நான் ஒண்ணும் சொல்லல."

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி. பின்னால் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஆட்டோடு வந்த ஓர் அம்மா, ஆடு கத்தாமல் இருக்க வேப்பந்தழையை நீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் டாக்டர் பட்டனை மெல்லப் பிடித்து வெளியே எடுத்துத் தன் விரலில் நிறுத்தினார். அது ஜம்மென்று உட்கார்ந்தது. விரலை ஆட்டினார், அசையவில்லை.

"காலு நல்லாத்தானே இருக்குது? வூட்ல எதுமேல உக்காருது?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூண்டைத் திருப்பிக் காட்டினேன். "நம்ம கம்பெனி சாமான் சார். ஃபர்ஸ்ட் குவாலிட்டி. ஒரு மயிரிழை விரிசல் கெடையாது."

டாக்டர் குழாயை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஆட்டுக்கார அம்மா முந்திக்கொண்டார்.

"ஏன் சார், பாத்ரூம்ல வழவழன்னு டைல்ஸ் போட்டா நம்மளே வுழுந்துடறோம். அதுக்கும் ரெண்டு காலுதானே சார்?"

ஆஸ்பத்திரியே சிரித்தது. கன்றுக்குட்டியைப் பிடித்திருந்தவர் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார். அந்த அம்மா ஆட்டிடமிருந்து ஒரு வேப்பங்கொப்பைப் பிடுங்கி, தழையை உருவிவிட்டு நீட்டினார். டாக்டர் குழாயைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். பட்டன் ஏறி உட்கார்ந்தது. இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்தது. பிறகு, அத்தனை கூச்சலுக்கு நடுவில், தலையை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கிவிட்டது.

"ரெண்டு மூணு நாளா தூங்கியிருக்காது பாவம்" என்றார் டாக்டர்.

அதுவரை எனக்கு வெட்கம் மட்டும்தான். அதைக் கேட்டதும்தான் செய்த காரியம் உறைத்தது. ஒரு குறையுமில்லாத உயிரைத் தூங்கவிடாமல் செய்ததும் நான்தான், அதற்குக் கால் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பியதும் நான்தான். மங்கலம்பேட்டைப் பக்கம் போகாமல் வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன். வழி நெடுக, பட்டன் எழுந்துவிடும் என்று ஜெனி என்னை ஹாரன் அடிக்கவிடவில்லை.

பட்டன் இன்றைக்கும் சௌக்கியம். எனக்குத்தான் வீட்டில் வாயைத் திறக்க வழியில்லை. குழம்பு உப்பு என்றால், "குச்சிய மாத்திப் பாத்தீங்களா?" என்பாள் அமலா. மிக்ஸி ஓடவில்லை என்று நான் திட்டினால், மச்சான் போனிலேயே கேட்பான், "மாமா, குச்சிய மாத்தினீங்களா?" (இதற்கு மட்டும் பேசுவான்.)

போன மாதம் ஜெனி கணக்கில் முப்பத்தெட்டு மார்க் வாங்கி வந்தாள். ரேங்க் கார்டைப் பிடித்துக்கொண்டு, கவனம் போதாது, அடிப்படையே ஆட்டம் என்று அரைமணி நேரம் குறை பிரித்துச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"குச்சிய மாத்திடலாம்ப்பா."

அதுவரை அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். இந்த மாதத்திலிருந்து அமலா சொல்லிக் கொடுக்கிறாள். நேற்று வைத்த டெஸ்டில் எழுபத்தொன்று.