எக்ஸ்பிரஸ் கட்டிய கடிகாரங்கள்

கணக்கர் கட்டிலில் உட்கார்ந்தபடியே கையை வீசிக்கொண்டிருந்தார். நடையையும் இதயத் துடிப்பையும் எண்ண கம்பெனி மணிக்கட்டில் கட்டிவிட்ட கடிகாரம் அதற்கெல்லாம் மசியவில்லை. தினம் பத்தாயிரம் அடி நடக்காத ஊழியரின் குடும்பத்துக்கு மருத்துவச் செலவு கிடையாது என்று புது உத்தரவு.

"கையை ஆட்டினா அதை ஏமாத்திட முடியுமா?" என்றாள் மனைவி. அடுத்த மாதம் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். வலியோடுதான் சிரித்தாள்.

மறுநாள் மூட்டுவலியைச் சொல்லி மேலாளரிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"இங்க வயசானவங்க, புள்ளத்தாச்சி, நடக்க முடியாதவங்க எல்லாரும் இருக்காங்க. ஆளுக்கொரு சட்டமா போட முடியும்? எல்லாருக்கும் ஒரே அளவு. அதுக்குப் பேருதான் சமத்துவம்."

"சக்கர நாற்காலியில வர்றவரு எப்படி சார் நடப்பாரு?"

"முயற்சி பண்ணச் சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் கணக்கர் தன் கடிகாரத்தை எக்ஸ்பிரஸ் கையில் கட்டிவிட்டார். மாடிக்கு மாடி கோப்பு சுமக்கும் தற்காலிக ஊழியரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். விஷயம் கசிந்து, நிறைமாதக்காரி, சக்கர நாற்காலிக்காரர் என்று கணக்குப் பிரிவே வரிசையில் வந்து நின்றது.

"குடுங்க சார், இன்னும் இடம் இருக்கு," என்று எக்ஸ்பிரஸ் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார்.

இரண்டே வாரத்தில் கணக்குப் பிரிவுக்கு முதல் பரிசு. சக்கர நாற்காலிக்காரருக்கு நடைப் பதக்கம். கூடவே காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஓலையும் வந்தது. பிரிவு மொத்தத்துக்கும் இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறதாம். பரிசோதனை முடியும்வரை யார் வீட்டு ஆபரேஷனுக்கும் அனுமதியில்லை.

கணக்கர் கூட்டிக் கழித்துப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஆபரேஷன் போகும். வாயை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"உங்க இதயம் கல்லு மாதிரி இருக்கு," என்றார் டாக்டர். "கடிகாரத்துல பதிவானது மட்டும் நிஜம்னா, அந்த ஆளை இப்பவே படுக்க வெச்சு வைத்தியம் பார்க்கணும். கடிகாரம்தான் கோளாறு. நீங்க போகலாம்."

"என் சம்சாரத்தோட ஆபரேஷன்?"

"அனுமதி எழுதிடறேன்."

கணக்கர் மூட்டுவலியை மறந்து படியிறங்கினார். வாசல் சுவரில் சாய்ந்து, எக்ஸ்பிரஸ் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, நீ எதுக்கு இங்க வந்தே?"

"தற்காலிக ஆளுக்குக் கடிகாரமும் கிடையாது, வைத்தியமும் கிடையாதே சார். இத்தனை பேரோடதைக் கட்டிக்கிட்டா, யாராவது ஒருத்தரை டாக்டர் கூப்பிட்டுச் சொல்லுவாருன்னுதான்... என்ன சார் சொன்னாரு, என் இதயத்தைப் பத்தி?"