நகரிப் பிரிவை நான் மூடிய வரலாறு

தலைநகர் டில்லியில் நாடாளுமன்றக் குழுவுக்கே கோப்பு தூக்கும் மகா கெட்டிக்காரனும் என் அக்காள் மகனுமாகிய சிரஞ்சீவி சூர்யபிரகாஷுக்கு, திருத்தணி மலையடிவாரத்திலிருந்து, தொண்டை மண்டலத்தின் வெளியுறவு அமைச்சரும் உன் தாய்மாமனுமாகிய தேசப்பன் எழுதிக்கொண்டது. இங்கு உன் அம்மா சுலோச்சனா, உன் அத்தை அனுசுயா, மலைமேல் முருகன் மூவரும் சௌக்கியம். நான் மட்டும் விசாரணையில் இருக்கிறேன்.

நைனா, எல்லாம் நீ போன மாதம் போனில் சொன்ன சேதியால் வந்தது. வெளியுறவுத் துறையைக் கலைத்து அடுக்குகிறார்கள், பல பிரிவுகளை மூடி ஒன்றாகச் சேர்க்கிறார்கள், அதைப் பற்றி எங்கள் குழு எம்.பி.க்கள் அதிகாரிகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்கள் என்றாய். மூடுவது, சேர்ப்பது என்ற முதல் பாதியே அமிர்தமாக இருந்ததால், கேள்வி என்ற இரண்டாம் பாதிக்கு நான் காது கொடுக்கவில்லை. நம் குடும்பத்துக்கும் வெளியுறவு உண்டல்லவா? எல்லை தாண்டினால் ஆந்திரா, மச்சானெல்லாம் பாவா. அங்கே உன் அத்தையின் அண்ணன் நகரி ஆதிகேசவன் பாவா, அவருடைய சித்தப்பா மகன் புத்தூர் டில்லிபாபு பாவா. ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில் யாருக்கு இலை என்ற தகராறுக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் உன் அத்தை என்னை இழுத்துக்கொண்டு நகரிக்கு ஒரு நாள், புத்தூருக்கு ஒரு நாள் போய், குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, காவடியோடு நம் வீட்டில் வந்து இறங்கும்படி அழைப்பது வழக்கம். இரட்டை வேலை எதற்கு என்று இந்த வருடம் நான் இரண்டு பிரிவையும் மூடி, ‘ஒருங்கிணைந்த ஆந்திர உறவுப் பிரிவு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரே குரூப் தொடங்கி, முருகன் படத்தைப் போட்டு, எல்லாரும் வந்துடுங்க என்று ஒரு தட்டுத் தட்டினேன். புத்தூர் பாவா உடனே ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடைப் பார்த்த நகரி பாவா குரூப்பை விட்டு வெளியேறினார். அவர் வெளியேறிய வேகத்தில், மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நகரி மலை அந்த மூக்கைச் சுளித்ததை நான் மொட்டை மாடியிலிருந்து என் கண்ணால் பார்த்தேன். மற்ற வருடமாக இருந்தால் சமாளித்திருப்பேன். இந்தக் கிருத்திகையன்றுதானே அவர் மகள் கவிப்பிரியாவுக்கும் உனக்கும் வெற்றிலை பாக்கு மாற்ற ஏற்பாடு? நீயோ அந்தப் பெண்ணோடு பேசிப் பேசி டில்லியில் சிக்னலே தீர்ந்துபோகும் நிலை.

அன்று சாயங்காலமே கூடத்தில் குழு கூடியது. தலைவர் உன் அத்தை, எதிரே அரிவாள்மணையும் முருங்கைக்காயும். உறுப்பினர் உன் அம்மா. என்னை ஸ்டூலில் உட்காரவைத்து ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள்.

“டேய் தேசப்பா, யாரக் கேட்டுகினு ரெண்டு ஊட்டையும் ஒண்ணாக்குன?” என்று ஆரம்பித்தாள் உன் அம்மா. நான் எழுந்து நிர்வாகச் சீர்திருத்தம், காலச் சிக்கனம், செயல்திறன் என்று முழங்கினேன். தெருவில் போன ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்திக் கைதட்டினார்கள் என்றால் நீ நம்பமாட்டாய், நம்பவும் வேண்டாம். உன் அத்தை காய் நறுக்குவதை நிறுத்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஆங், மூடிட்டீங்க. இத்தினி வருசமா அங்க போய் நான் பாத்துகினு இருந்த வேலைய இனிமே யாருங்க பாப்பாங்க?”

கூப்பிடுவதைத் தவிர அங்கே என்ன வேலை என்று நான் கேட்டதற்கு உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். உன் அத்தை கேட்ட அதே கேள்வியைத்தான் உங்கள் எம்.பி.க்களும் கேட்கிறார்கள் என்று நீ உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாயாமே. அதை என்னிடம் முதலில் சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா?

குழுவின் உத்தரவுப்படி மறுநாள் உன் அத்தையோடு ஆந்திரா பஸ் ஏறினேன். நகரி பாவா கட்டிலில் உட்கார்ந்து, வேட்டியை முட்டிக்கு மேல் ஏற்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சுவரிடம் பேசினார். “கூப்பிட்றது கெடக்கட்டும் மாப்ள. வருசா வருசம் என் தங்கச்சி வந்து, எங்க வலிக்குதுண்ணான்னு தொட்டுப் பாத்து கேப்பா. உன் வாட்ஸ்அப்புல முட்டிய எப்பிடிய்யா காட்றது?”

அப்போதுதான் நைனா, அந்தப் பிரிவில் இத்தனை காலம் என்ன வேலை நடந்தது என்று இந்த அமைச்சருக்கே தெரிந்தது. உடனே எழுந்து இரு மாநில நல்லுறவு பற்றி நான் ஆற்றிய உரையில் பாவா கண்ணீர் விட்டார், அந்தக் கண்ணீரில் குசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்திருக்கும். ஆகவே நிச்சயம் உறுதி. இரண்டு பிரிவுகளும் பழையபடி என் தலைமையில் இயங்கும். நீ கிருத்திகையன்று காலையில் வந்து இறங்கினால் போதும்.

வேலவன் உன் வேலையையும் வயிற்றையும் டில்லி வெயிலிலிருந்து காப்பானாக.

உன் வெற்றிவீர மாமன்,
தேசப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் குழுத் தலைவர் வாங்கிப் படித்துவிட்டார். திருத்தங்கள் வருமாறு: பாவா கண்ணீர் விட்டது என் உரைக்கு அல்ல, உன் அத்தை தேய்த்த தைலத்தின் எரிச்சலுக்கு. என் உரையின்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். என் இலாகா பறிக்கப்பட்டது. ‘நிச்சயம் உறுதி’ என்ற வரியை அடித்துவிட்டுப் படிக்கவும். மருமகனாக வரப்போகிறவன் கிருத்திகைக்கு முன்பே நேரில் வந்து முட்டியை விசாரித்தால்தான் வெற்றிலை மாற்றுவாராம் பாவா. குழுவும் அதை ஏற்றுக்கொண்டது. லீவைத் தாராளமாகக் கேள் நைனா. பாவாவுக்கு முட்டி இரண்டு. புத்தூர் பாவாவுக்கு இடுப்பு வேறு.