போகிற வழியில் ரோமாபுரி

உங்களுக்குப் போறவழிக்காரரைத் தெரியுமா? தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் ஏறிய எந்த பஸ்ஸும் அவர் இல்லாமல் கிளம்பியிருக்காது. அவரோடு போய்ச் சேர்ந்தும் இருக்காது.

புதுக்கோட்டையில் ஏறி, மணமேல்குடிக்கு டிக்கெட் வாங்கி, ஜன்னலோரம் பிடித்து, துண்டை விரித்து உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஊர் பேர் எல்லாம் விசாரித்து முடிப்பதற்குள் அறந்தாங்கி வந்துவிடும். உடனே, "இங்க ஒரு கடையில காப்பி நல்லாருக்கும், போற வழிதானே" என்று இறங்கிவிடுவார். காப்பி குடிக்கிற இடத்தில் ஆவுடையார்கோவில்காரர் ஒருவர் அகப்படுவார். இம்புட்டுத் தூரம் வந்துவிட்டுச் சாமியைப் பார்க்காமல் போவதா? ஆவுடையார்கோவில் வேறு பாதையில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அவர் கேட்க மாட்டார். மணமேல்குடியில் காலை ஆறரைக்கு முகூர்த்தம். இவர் போய்ச் சேரும்போது பந்தலில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். தாலி கட்டியதை அவர் கண்ணால் பார்த்த கல்யாணம் ஒன்றே ஒன்று; அது அவருடையது. அதற்கும் மாமனார் முதல் நாளே ஆள் அனுப்பி அவரைக் கையோடு கூட்டிவந்து வைத்திருந்ததாகக் கேள்வி.

அவருடைய பையைத் திறந்து பாருங்கள். ஒரு துண்டு, ஒரு பஞ்சாங்கம், விலாசம் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம். விலாசம் எல்லாம் யாருடையவை? அவருக்கே தெரியாது. சம்பந்தி வீட்டுக்காரரின் மைத்துனர், ஒரு தடவை ரயிலில் முறுக்கு கொடுத்தவர், இப்படி. அந்தந்த ஊரைக் கடக்கும்போது எட்டிப் பார்க்காமல் போனால், "அவுகளுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாக?" என்பது அவர் கவலை. அவர்கள் எதுவும் நினைக்கப்போவதில்லை. இவர் வந்து நின்றால்தான் நினைப்பார்கள்.

பஸ்ஸில் போகிறவரை இந்த இனத்தால் உலகத்துக்குப் பெரிய சேதம் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் கையில் ஆகாய விமான டிக்கெட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்?

சிவசாமி கையில் கொடுத்தார்கள்.

சிவசாமி, பத்திரப் பதிவு ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷம் ஓய்வு பெற்றவர். மறு வருஷம் பங்குனியில், லண்டனில் இருக்கும் மாப்பிள்ளை இரண்டு டிக்கெட் அனுப்பினார். மகள் பிரகதாம்பாளுக்குத் தலைப்பிரசவம். வைகாசி பத்தாம் தேதி வாக்கில் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். "அம்மா பக்கத்தில் இருந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்" என்று பிரகதா எழுதியிருந்தாள். அவள் அம்மா செங்கமலம் அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டு, பெருங்காயமும் சுக்கும் பிரசவ மருந்தும் தயார் பண்ண உட்கார்ந்துவிட்டாள்.

சிவசாமி டிக்கெட்டைப் படித்தார். தலைமைக் குமாஸ்தா அல்லவா, பொடி எழுத்து வரைக்கும் படித்தார். கடைசியில் ஒரு வரி இருந்தது. வழியிலுள்ள ஊர்களில் பிரயாணி விரும்பினால் இறங்கித் தங்கி, பின்னால் வரும் விமானத்தில் போகலாம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அந்த ஒரு வரியை யார்தான் எழுதினார்களோ.

அன்று சாயங்காலமே ஒரு பள்ளிக்கூட அட்லஸ் வீட்டுக்கு வந்தது. பூத்தொடுக்கிற நூலில் ஒரு பாகம் எடுத்து, புதுக்கோட்டையில் ஒரு குண்டூசி, லண்டனில் ஒரு குண்டூசி குத்தி இழுத்துக் கட்டினார். நூல் நேராக நின்றது. நேராக நிற்கும் நூலைப் பார்த்தால் அவருக்கு என்னவோ செய்யும். பம்பாயில் ஒன்று குத்தினார். குவைத்தில் ஒன்று. பெய்ரூட்டில் ஒன்று. பிறகு ரோமாபுரி, ஜெனீவா. ஒரு வாரத்தில் நூல் கொடியில் காயப்போட்ட சேலை மாதிரி மேலும் கீழும் தொங்க ஆரம்பித்தது.

"குவைத்துல யாருங்க இருக்காக?" என்றாள் செங்கமலம்.

"ஆலங்குடி சின்னப்பிள்ளை மகன் ஐயனாரு. லாரி ஓட்டுறான். போற வழிதானே."

"பெய்ரூட்டுல?"

"எங்க ஆபீஸ் ரெங்கசாமியோட மச்சினன் பஞ்சுக் கம்பெனில இருந்தான்."

"இருந்தான்னா, இப்ப?"

"போய்ப் பாத்தாத்தானே தெரியும்?"

ரோமாபுரியில் நம் பக்கத்துப் பையன் ஒருவன் சாமியார் படிப்புப் படிக்கிறான். சரி, ஜெனீவாவில்? ஜெனீவாவில் யாரும் இல்லை. அங்கே ஏரி இருக்கிறது.

விஷயம் ஊருக்குள் பரவிற்று. ஆலங்குடியிலிருந்து சின்னப்பிள்ளை முதல் பஸ்ஸுக்கே வந்து இறங்கினாள், மடியில் ஒரு ஜாடியைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு. "அண்ணே, எலுமிச்சங்கா ஊறுகா. அவன் இது இல்லாம சோறு எறங்காதும்பான். மதினி, இதுல முந்திரிப்பருப்பு, நம்ம தோட்டத்துது. கையில குடுத்துட்டு, அவன் அதைத் திங்கிறதைப் பாத்துட்டுத்தான் வரணும். மெலிஞ்சிருக்கானான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

கொடுத்துவிட்டு வருவதற்கு ஒரு நாள் போதும். மெலிந்திருக்கிறானா என்று பார்ப்பதற்கு? சிவசாமி குவைத்துக்கு இன்னும் இரண்டு நாள் சேர்த்தார்.

இது போதாதென்று பஞ்சாங்கம் வந்து சேர்ந்தது. புதுக்கோட்டையில் நாள் பார்த்துக் கிளம்பிவிட்டால் லண்டன் வரைக்கும் அது தாங்கும் என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். சிவசாமி சட்டம் படித்தவர்களோடு பழகியவர். ஒரு ஊரில் இறங்கித் தங்கினால் அங்கிருந்து கிளம்புவது புதுப் பயணம். புதுப் பயணத்துக்குப் புதிதாக நாள் பார்க்க வேண்டும்.

"வெள்ளியும் ஞாயிறும் மேக்க சூலம். பெய்ரூட்லேருந்து மேக்கதான் போகணும். வியாழன் அட்டமி. சனிக்கிழமை ப்ளேன் கெடையாது. திங்கக்கிழமைதான் எடுக்க முடியும்."

"நம்மூரு சூலம் அங்கிட்டும் வருமா?"

"மேக்கு அங்கிட்டும் மேக்குதானே?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களால் முடிகிறதா? ராகுகாலத்துக்கு எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்ப்பது என்று ஒரு சிக்கல் வந்தது. இரண்டு கடிகாரம் கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. இடது கையில் அந்தந்த ஊர், வலது கையில் புதுக்கோட்டை.

திருச்சியில் பயண டிக்கெட் பதிவு செய்யும் கம்பெனியில் அழகுமலை என்று ஒரு குமாஸ்தா. பொறுமைசாலி. சிவசாமி ஏழாவது முறை திட்டத்தை மாற்றிக்கொண்டு போனபோது, பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "சார், தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க லண்டனுக்குப் போறீங்களா, லண்டன் போற வழிக்குப் போறீங்களா?"

"ரெண்டுக்குந்தான் தம்பி. பாரிஸையும் இதுல எங்கயாச்சும் சொருக முடியுமான்னு பாருங்க. இம்புட்டுத் தூரம் வந்துட்டு அதை விட்டுட்டுப் போனா நாளைக்கு நாலு பேரு கேப்பாக."

பாரிஸைச் செருகிய பின் திட்டம் முழுமை பெற்றது. சித்திரை இருபது புறப்பாடு. வைகாசி பதினெட்டு லண்டன். சிவசாமி அதை நல்ல கையெழுத்தில் பிரதி எடுத்து, சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

ஒட்டிய இடம்தான் தவறு. செங்கமலம் காலண்டரையும் பார்த்தாள், காகிதத்தையும் பார்த்தாள்.

"ஏங்க, பிரசவம் பத்தாந்தேதி."

"அது ஒரு உத்தேசந்தான். தலைப்பிரசவம் தள்ளித்தான் போகும்."

"முந்திக்கிட்டா?"

"முந்தாது."

"நாம போறது பிரசவத்துக்கா, பேரப்புள்ளைக்குக் காது குத்தவா?"

சிவசாமி சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்தார். செங்கமலம் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டிய நேரத்தில் அவர் அட்லஸில் ஜெனீவாவில் இருந்தார்.

இங்கே பரஸ்தானம் என்கிற ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். நாள் நன்றாக இருக்கிறது, ஆள் அன்றைக்குக் கிளம்ப முடியவில்லை என்றால், அவர் கட்டுகிற துணி ஒன்றை மஞ்சள், அரிசியோடு சின்ன மூட்டையாகக் கட்டி, நல்ல நேரத்தில் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். மூட்டை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பிவிட்டதாகவே பொருள். பிறகு அவர் சௌகரியப்படி போகலாம். சிவசாமி இதில் பெரிய அனுபவஸ்தர். பழனிக்கு அவர் வேட்டி கிளம்பிப் பதினேழு நாள் கழித்து அவர் கிளம்பினார். அந்தப் பதினேழு நாளும், யார் கேட்டாலும், "நாந்தான் கெளம்பிட்டேனே" என்று தம் வீட்டில் சாய்வு நாற்காலியில் படுத்தபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்திரை பத்தாம் தேதி செங்கமலம் தனியாகத் திருச்சிக்கு பஸ் ஏறினாள். உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் போகிறாள் என்று சிவசாமி நினைத்தார். அவள் மலையேறவில்லை. மாடியேறினாள். அழகுமலை அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாராம். இந்த வீட்டில் ஒருவராவது எங்காவது போய்ச் சேருகிறவராக இருக்கமாட்டாரா என்று காத்திருந்தவர் போல. திருச்சியிலிருந்து நர்சம்மா ஒருத்தி லண்டனுக்கு வேலைக்குப் போகிறாள், சித்திரை இருபத்திரண்டு, அவள் பக்கத்து ஸீட், பம்பாயில் விமானம் மாறுவதைத் தவிர எங்கும் இறங்குவதில்லை. முடிந்தது.

வீட்டுக்கு வந்து, சாதம் போட்டு, ரசம் ஊற்றி, அப்பளம் வைத்த பிறகுதான் சொன்னாள்.

"நான் எறங்காமப் போறேங்க. நீங்க ஒங்க திட்டப்படி வாங்க."

"என்னது? சேந்து போறதுன்னுதானே மாப்பிள்ளை டிக்கெட் அனுப்புனாரு? நான் இல்லாம நீ மட்டும் போய் நின்னா என்ன நெனைப்பாக?"

"ஒண்ணும் நெனைக்கமாட்டாக. நல்ல நாளாப் பாத்து ஒங்க வேட்டி ஒண்ணை மஞ்சள் அரிசியோட முடிஞ்சு என் பெட்டியில வச்சுக்கிறேன். பரஸ்தானம். அது போய் மக வீட்டுல எறங்கிட்டா நீங்க வந்துட்டதா ஆச்சு. மெதுவா வாங்க."

சிவசாமி மோரைக் கையில் வாங்காமல் எழுந்துவிட்டார். ஒரு மணி நேரம் பஞ்சாங்கத்தைப் புரட்டினார், அதில் இதற்குத் தடை எதுவும் போடவில்லை. கடைசியில் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"எந்த வேட்டி?"

"பழசுதான். நாலு முழம். தொவைச்சுத் தொவைச்சு மெத்துனு ஆயிருச்சே, அது."

"புதுசா ஒண்ணு வச்சிருக்கலாம்ல. ஊரு விட்டு ஊரு போகுது."

அப்படியாகத்தானே சிவசாமியின் வேட்டி சித்திரை இருபத்து நாலாம் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தது. சிவசாமி அன்று பம்பாயில், ஒரு தடவை ரயிலில் முறுக்கு கொடுத்தவர் வீட்டில் இருந்தார். குவைத்தில் ஐயனார் மெலிந்திருக்கவில்லை. அவன் ஊறுகாயோடு ஆறு தட்டுச் சோறு சாப்பிட்டதைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு கிளம்பினார். பெய்ரூட்டில் பஞ்சுக் கம்பெனிக்காரர் மூன்று வருஷத்துக்கு முன்பே வேறு ஊர் போய்விட்டார். ஆனாலும் நாலு நாள் இருந்தார். சூலம்.

அவருடைய படக் கார்டுகள் செங்கமலத்துக்கு ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'இங்கு சௌக்கியம். வந்துகொண்டே இருக்கிறேன்.'

குழந்தை முந்திக்கொண்டது. வைகாசி ஆறு. பிரகதா பல்லைக் கடித்துக்கொண்டு வலியெடுத்துக் கிடந்த பதினாலு மணி நேரமும் கையைப் பிடிக்க அம்மா இருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் வெளியே போகச் சொன்னபோது, பாஷை தெரியாததால் அவளுக்கு அது புரியவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். அப்பாவுக்குத் தந்தி கொடுக்கலாம் என்றார் மாப்பிள்ளை. எந்த விலாசத்துக்கு? ரோமாபுரிக்கு அடித்த தந்தி போனபோது அவர் அதை விட்டுக் கிளம்பியிருந்தார். ஜெனீவாவில்தான் யாரும் இல்லையே.

வைகாசி இருபத்தேழாம் தேதி மாப்பிள்ளை வீட்டு மணியை அடித்தார் சிவசாமி. இரண்டு கையிலும் கடிகாரம், தோளில் பை, தலையில் எங்கேயோ வாங்கிய தொப்பி. திட்டத்துக்கு ஒன்பது நாள் பிந்தி. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஏதோ போகிற வழியாக இருந்திருக்கும்.

கதவைத் திறந்த பிரகதா சிரித்தாள். "வாங்கப்பா. நீங்க வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

அவள் தோளில் பேரன். பேரனைச் சுற்றியிருந்தது ஒரு பழைய நாலு முழ வேட்டி, நாலாகக் கிழித்ததில் ஒரு துண்டு. புதுத்துணி பிள்ளை உடம்பை அறுக்கும் என்று, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே செங்கமலம் பரஸ்தான மூட்டையை அவிழ்த்துவிட்டாள். சிவசாமி தொப்பியைக் கழற்றாமல் கையை நீட்டிப் பேரனை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருடைய வேட்டி அவருக்கு முன்னால் வந்து, அவர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்திருந்தது.

"பொறந்தப்ப நல்லா அழுதானா?"

"அழுதான்" என்றாள் செங்கமலம். "நீங்க ரோமாபுரியில இருந்தீங்க."

பேரன் வேட்டியை நனைத்தான். சிவசாமி அவனை இறக்கி விடவில்லை. திரும்பும்போது இறங்க வேண்டிய ஊர்களைப் பற்றி அவர் வாய் திறக்க முழுதாக நாலு நாள் ஆயிற்று. இந்த இனத்தில் அது பெரிய சாதனை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தப் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் நீங்கள் எதற்காகவோ எழுந்தீர்களே, எதற்கு? யாரோ உங்களை எதையோ எடுத்துவரச் சொன்னார்கள் இல்லையா? போகிற வழியில் மேஜைமேல் இது கிடந்தது, ஒரு வரி பார்க்கலாமே என்று எடுத்தீர்கள், நின்றபடி ஆரம்பித்து இப்போது உட்கார்ந்தும் விட்டீர்கள். காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள். உள்ளே உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல் நின்று வெகு நேரமாகிறது. இந்நேரம் உங்கள் வேட்டியை யாராவது பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள்.

நேராகப் போங்கள்.