அடுத்த வெள்ளிக்கு நழுவிய காது குத்து

ஒரு வீட்டில் ஒருவனுக்குப் புதிதாக ஒரு ஆர்வம் பிறந்தால், அவனைத் தவிர மற்ற எல்லாரும் கஷ்டப்படுவார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நான்கு வருடங்கள் ஆகியிருக்கின்றன.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருச்சியில் வேலை கிடைத்து ஆறு மாதம். அலுவலகத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஆன்லைனில் ஒரு காலண்டர் இருந்தது. யார் எத்தனை மணிக்கு எங்கே இருப்பார்கள் என்று போனைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எங்கள் வீட்டிலோ, அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் அம்மா வாசலில் நின்று தெருவையே கேட்க வேண்டும்.

விடுவேனா? அடுத்த சனிக்கிழமையே அரிமளத்துக்கு வந்து, கையில் கிடைத்த போன்களில் எல்லாம் ஒரு குடும்பக் காலண்டரை ஏற்றினேன். குடும்ப வேலை பச்சை நிறம், என் ஆபீஸ் வேலை சிவப்பு நிறம், இரண்டும் ஒரே திரையில். கேஸ் புக்கிங், கரண்ட் பில், குழந்தைக்குத் தடுப்பூசி, அப்பா முடிவெட்டும் நாள் என்று ஒன்றையும் விடவில்லை. (அப்பாவின் தலையில் வெட்டுவதற்கு அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.)

"மணிக்கொரு தடவை டிங்கு டிங்குன்னு அடிக்குதுடா, புள்ள முழிச்சுக்கிறா" என்று அக்கா ஒரே வாரத்தில் அதன் வாயை அடைத்துவிட்டாள். அம்மாவின் போன் பேசுவதற்கு மட்டும். அப்பா சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைக் காட்டி, "இது சார்ஜ் கேக்காது" என்றார்.

நான் அசரவில்லை. ஏனென்றால் அப்போதுதான் அக்கா மகள் யாழினிக்குக் காது குத்து முடிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள், எங்கள் குலதெய்வக் கோயிலில். ஏற்கெனவே மச்சான் வீட்டுப் பக்கம் ஒரு துக்கம் விழுந்து ஒரு தடவை தள்ளிப்போயிருந்தது. குழந்தைக்குப் பதினோராவது மாதம் நடந்துகொண்டிருந்தது. இதை விட்டால் அடுத்த ஒற்றைப்படை மாதத்துக்குக் காத்திருக்க வேண்டும். "இந்தத் தடவையும் தள்ளிப்போச்சுன்னா எங்க மாமா முகத்துல நான் முழிக்க முடியாது, கதிரு" என்று அக்கா சொல்லியிருந்தாள். அவளுடைய மாமனார் மீமிசலில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். மீன் வந்து இறங்குவதற்குள் ஐஸ் உடைத்து வைத்துப் பழகியவர். கைக்கடிகாரத்தை மதிக்கிற அளவுக்கு மனிதர்களை மதிக்க மாட்டார்.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். அதனால் ஏற்பாடு முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். காது குத்தும் ஆசாரியண்ணன், சமையல்காரர், மதுரைச் சித்தப்பா மூவரின் போனிலும் காலண்டரை ஏற்றி, அழைப்பு அனுப்பினேன். மூவரும் 'சரி' என்று அமுக்கினார்கள். நான் நெகிழ்ந்துபோனேன். ஊரில் என்னை நம்புகிற மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள்!

அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நின்றபடிதான். மேனேஜர் மேடத்திடமிருந்து செய்தி: 'வெள்ளி ஒன்பதரை மீட்டிங்கை அடுத்த வெள்ளிக்கு மாற்றிவிடு.' ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் சிவப்புக் கட்டத்தை இழுத்தேன். குளத்தூர்ப் பக்கம் ஒரு வேகத்தடை. பஸ் துள்ளியது. போன் ஏதோ கேட்டது. 'எல்லாருக்கும் தெரிவிக்கவா?' தெரிவிக்காமல் என்ன? 'ஆம்' என்று அமுக்கிவிட்டுப் போனைப் பையில் போட்டேன். எவ்வளவு சுறுசுறுப்பான பிள்ளை!

வியாழக்கிழமை அப்பா, "சமையல்காரருக்கு ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்திடவா?" என்று கேட்டார்.

"வேண்டாம்ப்பா. காலண்டரே ஞாபகப்படுத்தும். நாம வேற கூப்பிட்டா, அவரை நம்பலைன்னு ஆயிடும்."

"நம்பலைதான்டா."

"அப்பா!"

வெள்ளி விடிந்ததும் கோயிலுக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய மனிதரையும் நான்தான் நிறுத்தினேன். "மூணு பேரும் சரி கொடுத்திருக்காங்க, நிம்மதியா காபி குடிங்க" என்றேன். அந்தக் காபியை அவர் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கோயிலுக்குப் போனோம். மீமிசல் வேன் எங்களுக்கு முன்பே வந்து நின்றது. சீர்த் தட்டுகளோடு முப்பது பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு அப்பா திரும்பி வந்தார். என் காதருகே குனிந்தார்.

"கதிரு, அடுப்புல பூனை தூங்குது."

"பழமொழி இருக்கட்டும்ப்பா, சமையல்காரர் எங்க?"

"பழமொழி இல்லடா. நெசமாவே பூனை தூங்குது."

நானே போய்ப் பார்த்தேன், பூனைதான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. வழியில் பஞ்சராகியிருக்கும் என்றேன். ஆசாரியண்ணன்? அவருக்கும் பஞ்சராகியிருக்கும் என்றேன். மாமனார் என்னை ஒரு தடவை பார்த்தார், கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். "தம்பி, உக்காருங்க. நேரம் பொறந்துருச்சு" என்றார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு யாழினியை என் மடியில் வைத்தார்கள். அவள் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கூட்டத்தில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் அவள்தான்.

சரியாக ஒன்பதரைக்கு என் போன் அடித்தது. மேனேஜர் மேடம்.

"கதிர், மாத்தச் சொன்ன மீட்டிங்குக்கு எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்க. மாத்தலையா?"

"மேடம்... அது அடுத்த வெள்ளிக்கு மாத்திட்டேனே!"

"மாறலையே. இன்னைக்குத்தான் காட்டுது."

காலண்டரைத் திறந்தேன். சிவப்புக் கட்டம் அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. பச்சைக் கட்டம், 'யாழினி காது குத்து', அடுத்த வெள்ளியில் போய் ஹாயாக உட்கார்ந்திருந்தது. குளத்தூர் வேகத்தடை என் கண்முன் எழுந்து நின்றது. என்னை நம்பாதவர்கள் அத்தனை பேரும் கோயிலில் இருந்தார்கள். என்னை நம்பிய மூன்று பேரும் வரவில்லை.

"அக்கா..." என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டாள். மீதியைச் சொன்னபோது அவள் கண் நிறைந்துவிட்டது. "தாய்மாமன்னு ஒன்ன நம்பினேன் பாரு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

ஆசாரியண்ணனைக் கூப்பிட்டேன். திருமயத்தில் மகள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்த வெள்ளின்னு வந்துச்சே தம்பி? நான் அதுக்கும் சரின்னு அமுக்குனேனே!"

"அண்ணே, தப்பு என்னுது. பத்தரைக்கு ராகு காலம். உடனே வாங்கண்ணே, கெஞ்சிக் கேக்குறேன்."

"வண்டி எடுத்துட்டேன், வாரேன், வாரேன்."

ஒன்பதே முக்கால். பத்து. பத்தே கால். வாழ்க்கையில் நான் இவ்வளவு நேரம் ஒரு சாலையையே பார்த்துக்கொண்டிருந்ததில்லை. போகிற வருகிற மொபெட் எல்லாம் ஆசாரியண்ணனாகத் தெரிந்தது. ஒரு மொபெட்டில் தண்ணீர்க் குடங்கள் மட்டும் வந்தன. அவற்றைப் பார்த்துக்கூட எழுந்து கும்பிடப் போனேன். சமையல்காரருக்குப் போன் போட்டால், அவர் வேறொரு ஊர்ப் பந்தியில் இருந்தார். மச்சான் பைக்கை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு ஓடினார். ஊரில் இருந்த இரண்டு ஓட்டல்களிலும் மிச்சமிருந்த இட்லியை வழித்துக்கொண்டு வருவதாகத் திட்டம்.

குற்ற உணர்ச்சி தாங்காமல், காலண்டரையாவது சரிசெய்யலாம் என்று மடியில் குழந்தையை வைத்தபடியே போனை எடுத்தேன். மாமனார் குனிந்து, போனை மெல்ல என் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, நீங்க எதையும் தொடாதீங்க."

முப்பது மீமிசல்காரர்களும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்பாவுமா!

பத்து இருபத்து மூன்றுக்கு ஆசாரியண்ணன் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்க, ஊசியைத் துடைத்து, இடது காதைப் பிடித்தார். யாழினியின் அலறலில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. தோட்டைத் திருகி முடித்து வலது பக்கம் வந்தபோது மாமனார் கையை நீட்டித் தடுத்தார்.

"நிறுத்துங்க. பத்தரை. ராகு வந்துட்டான்."

"ஐயா, இன்னும் ஒத்தக் காதுதான..."

"பன்னெண்டுக்கு மேல பாத்துக்கலாம்."

ஒற்றைக் காதில் தோட்டோடு ஒரு குழந்தை, இட்லிப் பொட்டலங்களோடு இரு வீட்டாரும் சேர்ந்து எழுபது பேர். ஒன்றரை மணி நேரம் ராகு காலம் முடியக் காத்திருந்தோம். அதற்குள் யாழினி தூங்கி, எழுந்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, நல்ல தெம்பாகிவிட்டாள். பன்னிரண்டு ஐந்துக்கு ஆசாரியண்ணன் மறுபடி ஊசியை எடுத்ததும், எல்லாம் ஞாபகம் வந்து தலையை ஒரு வெட்டு வெட்டினாள். அதனால்தான் அவளுடைய வலது காதுத் துளை, இடதைவிட ஒரு நெல் அளவு மேலே இருக்கிறது.

மாமனார் போனைத் திருப்பிக் கொடுத்தபோது சிரிக்கவில்லை. "புள்ளைக்குக் காது குத்தியாச்சு, அது போதும்" என்று அக்காவிடம் சொன்னார். அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

இதோடு முடிந்ததென்று நினைத்தேன். அடுத்த வெள்ளி காலை ஒன்பதரைக்கு, மேடமே மாற்றி வைத்த அந்த மீட்டிங்கில் நான் வாயைத் திறக்கும் நேரம், மதுரைச் சித்தப்பா கூப்பிட்டார்.

"கதிரு, கோயில்ல ஒருத்தரையும் காணோம். நான்தான் முதல் ஆளா? பாத்தியா, இந்தத் தடவை கரெக்டா வந்துட்டேன்!"

எந்த விசேஷத்துக்கும் பந்தி முடிந்த பிறகே வருகிற மனிதர். அதனால் போன வெள்ளி அவர் இல்லாததை யாருமே கவனிக்கவில்லை. எதையும் தொடக்கூடாது என்பதால் நானும் காலண்டரைத் தொடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நேரத்துக்கு வந்து, பட்டு வேட்டியும், யாழினிக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசுமாக அந்தப் பூனையோடு நின்றுகொண்டிருந்தார். அதன்பிறகு அவர் எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை. கேட்டால், "ஒரு தடவை வந்து பாத்துட்டேன்" என்பார்.

போன வாரம் யாழினியைப் பள்ளியில் சேர்க்கும் பேச்சு வந்தது. எந்த நாள், எத்தனை மணி என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்தாள். பழக்க தோஷத்தில் நான் போனை எடுத்தேன். யாழினி விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வந்தாள். போனைப் பிடுங்கித் தன் கவுனுக்குள் மறைத்துக்கொண்டு, மீமிசல் தாத்தாவின் அதே குரலில் சொன்னாள்:

"மாமா, நீங்க எதையும் தொடாதீங்க."